ஊடாக: தேசிய வானொலியின் ஒருநாட் பேச்சும் திருகோணமலைத் துறைமுகப் புலமும்

இலங்கை வானொலியின் வானிலை அறிக்கையிலே கீழ்க்கரை மீனவருக்கு நன்கு பழகிப்போன ஒரு தொடர் உண்டு. 'காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு' என்பது அது. கடற்கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கூறுவதற்கு வசதியான தொடர் என்பதற்கு மேல் அதனை ஆக்கியோருக்கு வேறு நோக்கம் இருந்திருக்க நியாயமில்லை. எனினும், தேசிய வானொலியின் பேச்சு நிகழ்ச்சிகளைத் திருகோணமலைத் துறைமுகப் புலத்திலிருந்து கேட்கும் ஒருவருக்கு, இத்தொடரில் வரும் 'ஊடாக' என்னுஞ் சொல் வானிலைக்கு அப்பாலும் பொருள் தருவதாக அமைகின்றது. வானொலியின் பேச்சு அப்புலத்தின் ஊடாகச் செல்கின்றது; அங்கிருந்து புறப்படுவதும், அங்கே சென்று தங்குவதும் அரிது. இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுவது இதனையே.

நமது திறனாய்வு கவிதை, சிறுகதை, நாவல், மேடைநாடகம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசியுள்ளது. வானொலிப் பேச்சோ அச்சேறாதது. ஒலித்த கணத்திலேயே மறைந்து போவது. ஆதலால் அது ஆய்வுக்குரிய பொருளாகப் பெரிதும் கருதப்படவில்லை. ஆயினும், ஆண்டு முழுவதும் ஒரு நூலையேனும் வாசியாத ஒருவர், வானொலி செல்வாக்குப் பெற்றிருந்த பல தசாப்தங்களில், நாளொன்றுக்குப் பலமுறை திருத்தமான உரைநடையைக் கேட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. பொதுமக்களின் மொழியுணர்வை உருவாக்கிய ஆற்றல்களுள் வானொலியைத் தவிர்த்துவிட்டு இலங்கையின் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையைப் பற்றி எழுதுவது குறைபட்ட முயற்சியேயாகும்.

இங்கு ஒரு குறித்த நாளின் நிகழ்ச்சி நிரல் ஆராயப்படவில்லை. தமிழ்ச் சேவைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த பேச்சு வகைகளை விடியல் முதல் இரவு வரையான ஒழுங்கிலே நிறுத்தி, அவை யாரை நோக்கி, யாருடைய மொழியில், யாருடைய வாயால் பேசின என்று நோக்குவதே நமது முறையாகும்.

1. இரு நிறுவனங்களின் பிறப்பு

வானொலியும் திருகோணமலைத் துறைமுகமும் வரலாற்றில் ஓரளவு உடன்பிறப்புகள் எனலாம். கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. ஆனால் அது கடல் கடந்தும் கேட்கும் ஆற்றல் பெற்றது இரண்டாம் உலகப் போரின் விளைவாலாகும். நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை 1944இல் கண்டிக்கு இடம்பெயர்ந்தது. அதன் படையினருக்கெனக் கொழும்பில் இயங்கிய சியாக் வானொலியின் வலுமிக்க சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அதே போர்க்காலத்தில், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளான திருகோணமலை, பிரித்தானியக் கீழைக் கடற்படையின் தளமாக விளங்கியது. சுதந்திரத்தின் பின்னரும் அத்தளம் பிரித்தானியர் வசமே இருந்து, 1957இலேதான் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது.

இரண்டும் பேரரசின் தேவைக்காக வளர்க்கப்பட்டவை. இரண்டும் பின்னர் தேசியச் சொத்தாக மாறியவை. வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் குடியரசுடன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் பெயரைப் பெற்றது. ஆயினும் உரிமை கைமாறியதனால் மட்டும் ஒரு நிறுவனத்தின் இயல்பு மாறிவிடுவதில்லை. துறைமுகத்தைப் பற்றிய முடிவுகள் துறைமுகத்தில் வாழ்வோரைக் கேளாமல் எடுக்கப்பட்டது போலவே, வானொலியும் ஒரு நடுவிடத்திலிருந்து சுற்றுப்புறத்தை நோக்கிப் பேசும் கருவியாகவே தொடர்ந்தது.

2. விடியல் முதல் இரவு வரை

நாளின் தொடக்கத்தில் சமய உரைகள் அமைந்தன. இந்துக்களும் இஸ்லாமியரும் பௌத்தரும் கிறித்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் திருகோணமலை போன்ற ஒரு நகரத்திற்கு இவ்வுரைகளின் வரிசை பொருத்தமானதே. ஆனால் ஒவ்வோர் உரையும் தன் சமயத்தாரை மட்டும் விளித்தது. ஒரே வீதியில் ஒலித்த இக்குரல்கள் ஒன்றோடொன்று உரையாடியதில்லை. அடுத்த வீட்டாரின் சமயத்தைக் காதால் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. அதனை அறிந்துகொள்ளும் வாய்ப்பைக் கேட்பவர் தாமே தேடவேண்டியிருந்தது.

அடுத்து வருவது செய்தி. வானொலிச் செய்தியின் தமிழ் பெரும்பாலும் மொழிபெயர்ப்புத் தமிழாகும். 'தெரிவிக்கப்பட்டுள்ளது', 'மேற்கொள்ளப்பட்டு வருகின்றது' என்னும் செயப்பாட்டு வினைகள் அதன் அடையாளங்கள். தமிழிற் செயப்பாட்டு வினை இலக்கண வழுவன்று. ஆனால் வாக்கியந்தோறும் அது வரும்போது, செய்தவர் யார் என்பது மறைந்து செயல் மாத்திரமே எஞ்சுகின்றது. காணி எடுக்கப்படுகின்றது, மக்கள் இடம்பெயர்க்கப்படுகின்றனர், மீன்பிடி தடைசெய்யப்படுகின்றது. எடுத்தவர், பெயர்த்தவர், தடுத்தவர் ஆகியோருக்கு அவ்வாக்கியங்களில் இடமில்லை. போர்க்காலத்தில் தமிழ்க் கேட்போர் பீ.பீ.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப் பணியையும் நாடிச் சென்றமைக்கு அரசியற் காரணங்கள் வெளிப்படையானவை. அக்காரணங்களோடு, எழுவாய் உள்ள வாக்கியத்தைக் கேட்கும் விருப்பமும் சேர்ந்திருந்தது என்றே கருதவேண்டும்.

செய்தியைத் தொடர்வன அறிவித்தல்கள். இவற்றுள் மரண அறிவித்தலைத் தனியே நோக்குதல் தகும். ஏனைய பேச்சு வகைகளில் அருகியே கேட்கும் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி, புல்மோட்டை ஆகிய பெயர்கள் இங்கே முழுமையாகவும் தெளிவாகவும் வாசிக்கப்பட்டன. இறந்தவர் யாருடைய மகன், யாருடைய மனைவி, எங்கே பிறந்து எங்கே வாழ்ந்தவர், பிள்ளைகள் எவ்வெவ்வூர்களில் உள்ளனர் என்பன ஒரே மூச்சில் அடுக்கப்பட்டன. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடியும் அந்த வாய்பாடு, இலங்கைத் தமிழ் வானொலியின் பேச்சு வகைகளுள் மிகவும் மக்கட்பாங்கானது எனத் துணிந்து கூறலாம். அதன் ஆசிரியர்கள் துயருற்ற குடும்பத்தினரே; அறிவிப்பாளர் அவர்களுக்குக் குரல் கொடுத்தவர் மட்டுமே. எனவே அதில் ஊரும் உறவும் தம் இயல்பான பெயர்களிலேயே நின்றன. ஒரு மாவட்டத்தின் சிற்றூர்கள் தேசிய ஒலிபரப்பில் முழுப் பெயருடன் தோன்றுவதற்கு அவ்வூரார் ஒருவர் இறக்கவேண்டியிருந்தது என்பது சிந்தனைக்குரியது.

பகலில் மாதர், சிறுவர், மாணவர் ஆகியோருக்கான நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. மாலையில் கிராமிய நிகழ்ச்சிகளும் இரவில் உரை, கலந்துரையாடல், நாடகம் ஆகியனவும் அமைந்தன. நேயர்களே எழுதியனுப்பிய 'இசையும் கதையும்' போன்ற நிகழ்ச்சிகள் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்துலகின் முதல் வாயிலாக விளங்கின. இது குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும் அங்கும் எழுத்துப் பிரதி மட்டுமே ஊரிலிருந்து சென்றது. வாசித்த குரல் கொழும்புக் கலையகத்தினுடையது. எழுதியவர் தம் கதையை வேறொருவரின் உச்சரிப்பிலே கேட்டு மகிழ்ந்தார்.

3. யாருடைய தமிழ்?

வானொலிக்குரிய தமிழ் எது என்னும் வினாவை இலங்கையில் முதன்முதலில் முறையாக எழுப்பியோருள் சோ. சிவபாதசுந்தரம் முக்கியமானவர். 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதிய அவரே இலண்டன் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர். அவரையொத்தோர் கைக்கொண்ட எளிமையும் செம்மையும் கலந்த நடை, பண்டிதத் தமிழிலிருந்தும் மேடைமுழக்கத்திலிருந்தும் வானொலியை விடுவித்தது. அறிவிப்பாளர் பலர் அந்நடையை வளர்த்தனர். பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இலங்கை வானொலியின் உச்சரிப்பு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. இச்சாதனையை மறுப்பது நமது நோக்கமன்று.

ஆனால் செந்நடை ஒன்று நிலைபெறும்போது வட்டார வழக்குகள் எங்கே ஒதுங்குகின்றன என்பதையும் பார்த்தல் வேண்டும். அவை நாடகத்தில் ஒதுங்கின. சானாவின் 'இலண்டன் கந்தையா', இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', பின்னர் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகியன பேச்சுவழக்கை வானொலியிற் கலைத்தரத்துடன் கையாண்டன. எனினும் இவற்றின் பேச்சுவழக்கு பெரிதும் யாழ்ப்பாணத்தினுடையது. 1976இல் 'கோமாளிகள்' என்னும் பெயரில் திரைப்படமாகவும் வந்த எஸ். ராம்தாசின் 'கோமாளிகளின் கும்மாளம்' பல்வேறு சமூகத்தாரின் தமிழை ஒருங்கே கொணர்ந்தது. ஆனால் அங்கு வழக்கு வேறுபாடு நகைச்சுவையின் ஊற்றாக அமைந்தது. ஆக, வட்டாரத் தமிழுக்குக் குடும்பக் கதையிலும் சிரிப்பிலும் இடமிருந்தது. செய்தி, ஆய்வுரை, கலந்துரையாடல் ஆகியவற்றில், அதாவது ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தீர்மானிக்கும் இடங்களில், அதற்கு இடமிருக்கவில்லை.

திருகோணமலைப் புலத்தின் தமிழோ நாடகத்திலும் போதியளவு இடம்பெறாதது. யாழ்ப்பாணத்திற்கும் மட்டக்களப்பிற்கும் இடைப்பட்டது என்று அதனை விளக்கிவிடுவது வழக்கம். மொழியியலிலும் 'ஊடாக' என்னும் நோக்கே இது. கடற்படைத் தளத்தில் வேலைசெய்த தலைமுறையின் ஆங்கிலக் கலப்பு, மூதூர், கிண்ணியா இஸ்லாமியரின் வழக்கு, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வாழும் வேடர் வழிவந்தோரின் பேச்சு, கச்சான் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியமைக்கும் மீனவர் கொணரும் சிங்களமும் தமிழும் கலந்த சொற்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தது அப்புலத்தின் மொழி. இது இடைப்பட்டதொன்றன்று, தன்னளவில் முழுமையானது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கீழ்மாகாணத் தமிழில் 'பாதை' என்றால் வழி என்பது மட்டுமன்று. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவையும் பாதையே. 2009இற் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் நகருக்குச் சென்றது இப்பாதையிலேதான். ஊர்களை ஒன்றோடொன்று பிணைப்பதே வழியெனின், நீர்மேல் மிதப்பதும் வழிதானே என்ற வாழ்க்கைநோக்கு அச்சொல்லில் உறைந்துள்ளது. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படச் சிலர் உயிரிழந்தனர். அதனைக் கூறிய தமிழ்ச் செய்திகளில் அவ்வூர்தி 'படகுப் பாதை', 'மிதப்புப் பாலம்', 'இழுவைப் படகு' எனப் பலவாறு பெயர் பெற்றது. ஊரார் நாவில் ஐயமின்றி வழங்கிய ஒரு பொருளுக்குச் செய்தித் தமிழில் நிலையான பெயரில்லை. வெளியூர்க் கேட்போர் 'பாதை கவிழ்ந்தது' என்பதைப் புரிந்துகொள்ளார் என்பது உண்மையே. ஆனால் 'இங்கு பாதை என வழங்கும் மிதவை' என்று ஒருமுறை விளக்கியிருந்தால், நாடு முழுவதும் ஒரு புதிய சொல்லையும், அச்சொல்லின் பின்னேயுள்ள நெடுநாட் குறையையும் கற்றிருக்கும். பாலம் வேண்டும் என்னும் கோரிக்கை அச்சொல்லிலேயே அடங்கியிருந்தது.

4. எச்சரிக்கை என்னும் பேச்சு

பேச்சு வகைகள் அனைத்திலும் உயிரோடு நேரடித் தொடர்புடையது எச்சரிக்கையே. 1964 டிசம்பரில் வட, கீழ்ப் பகுதிகளையும் 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் சூறாவளி தாக்கியது. கீழ்க்கரை மக்கள் மழைக்காலத்தில் வானொலியைச் செவிமடுப்பது பொழுதுபோக்கிற்காகவன்று.

இத்துறையில் வானொலி செய்த பெரும் பணி ஒன்றையும் குறிப்பிடவேண்டும். 'தாழமுக்கம்' என்னும் அறிவியற் சொல், எழுத்தறிவில்லாத மீனவரும் இயல்பாக எடுத்தாளும் சொல்லாக இன்று வழங்குகின்றது. அதனை அங்கே கொண்டுசென்றது பெரிதும் வானொலியே. மையத்திலிருந்து புறப்பட்ட சொல்லை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. ஊரின் சொல்லை மையம் ஏற்றுக்கொண்டதா என்பதே எதிர்வினா. காற்றின் திசையையும் வேகத்தையும் வானிலை அறிக்கை எண்களாற் கூறுகின்றது. கரையில் வலை இழுப்போர் அவற்றை வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று அறிவர். எண்ணோடு இச்சொற்களுள் ஒன்றையுஞ் சேர்த்துக் கூறுவதால் அறிவியலுக்கு எவ்வித இழுக்குமில்லை. கேட்பவர் மனத்தில் கடலின் முழுக்காட்சியும் தோன்றிவிடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறையுங்கூட. சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை கீழ்க்கரையை அடைந்தது. அவ்விரண்டு மணி நேரத்திலும் கரையோர மக்களுக்கு அதிகாரபூர்வமான எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. மாவட்டத்தின் கரையோரச் சிற்றூர்கள் பல சிதைந்தன. இதற்கு வானொலியை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. இந்து சமுத்திரத்திற்கெனப் பொது எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை. அது பின்னரே உருவாயிற்று. 2012 ஏப்பிரல் 11இல் மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. மக்கள் கரையை விட்டு விலகினர். கருவிகள் சீராகியுள்ளன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 2004 ஓர் அடிப்படை உண்மையை வெளிப்படுத்திற்று. அலை எல்லாக் கரைகளையும் ஒரே நேரத்தில் தாக்கவில்லை. கீழ்க்கரையைத் தாக்கியபின், தீவைச் சுற்றி மேற்குக் கரையை அடைய அதற்கு மேலும் நேரமெடுத்தது. முதலில் தாக்குண்ட கரையிலிருந்து மையத்திற்கு உடனடியாகப் பேசும் வழியொன்று இருந்திருப்பின், அதன் குரல் பிற கரைகளுக்கு எச்சரிக்கையாகியிருக்கும். வானொலி ஒருவழிக் கருவியாக இருந்தமையின் விலை இதுவே. புறத்திலிருப்போர் பேச வாய்ப்பற்றிருத்தல் அவர்களின் மானத்தை மட்டும் பாதிப்பதன்று. மையத்திலிருப்போரின் உயிரையும் பாதிப்பதாகும்.

5. பிறர் குரலுக்குத் தளம்

வானொலி வரலாற்றில் திருகோணமலைக்கு இடமேயில்லை என்று எண்ணுதல் தவறாகும். நகருக்கு வடக்கேயுள்ள கரையில் 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல நிறுவனம் வலுமிக்க அஞ்சல் நிலையமொன்றை நிறுவியது. ஆசிய நாடுகள் பலவற்றிற்கு ஜேர்மனியின் குரல் இம்மாவட்டத்து மண்ணிலிருந்து சென்றது. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற்குக் கையளிக்கப்பட்டது.

1987 ஜூலை 29ஆம் நாள் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களில் மூன்று விடயங்கள் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகப் பிறநாட்டு இராணுவத் தேவைக்கு வழங்கப்படலாகாது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் கூட்டுமுயற்சியாகப் புனரமைக்கப்படும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாமை உறுதிசெய்யப்படும். துறைமுகம், எண்ணெய், ஒலியலை ஆகிய மூன்றும் அரசுகளின் பார்வையில் ஒரே வகைப் பொருள்கள் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. கப்பல் தங்கிச் செல்லும் இடம். எண்ணெய் தங்கிச் செல்லும் இடம். பிறர் குரல் தங்கிச் செல்லும் இடம். அங்கே தங்கி வாழும் மக்கள் என்ன பேசினர் என்பது எக்கடிதத்திலும் வினாவாக எழவில்லை.

6. மாற்றின் சாத்தியம்

இவ்விமர்சனத்திற்கு மறுப்புரையாக இரு வாதங்கள் முன்வைக்கப்படலாம். ஒன்று, தேசிய சேவை அனைவருக்கும் பொதுவானது. அதற்குப் பொதுநடை இன்றியமையாதது. இதனை நாம் ஏற்கின்றோம். செந்நடையை நீக்குமாறு நாம் கோரவில்லை. பொதுநடையின் வளம் எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதே வினா. பல வட்டாரங்களின் சொற்களை ஏற்றுச் செழிக்கும் பொதுநடை வேறு. அவற்றை விலக்கி வெளிறும் பொதுநடை வேறு.

மற்றையது, ஊர்தோறும் சென்று பேச்சைப் பதிவுசெய்தல் நடைமுறைச் சாத்தியமன்று என்பது. இதற்குக் கூட்டுத்தாபனத்தின் சொந்த அனுபவமே விடையாகும். 1981இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் துணையுடன் தொடங்கப்பட்ட மகாவலிச் சமூக வானொலியில், தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களிற் சென்று தங்கி, அம்மக்களின் பேச்சையே நிகழ்ச்சியாக்கினர். அதற்கு முன்னரே, 1956இல், இந்தியாவின் புனே வட்டாரத்தில் கிராம வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் கூடிக் கேட்டு, விவாதித்து, தம் கருத்துகளை நிலையத்திற்குத் திருப்பியனுப்பும் முறை அங்கு பரிசோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. வானொலி பகிர்ந்தளிக்கும் கருவியாக மட்டுமிராது, கேட்பவரையும் பேசவைக்கும் தொடர்புக் கருவியாக மாறவேண்டுமென்று ஜேர்மானிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் 1932இலேயே வாதித்தார். வானொலியில் ஆறு தசாப்தங்களுக்கு மேற்பட்ட தமிழ் அனுபவம் கொண்ட ஒரு நிறுவனத்திற்கு இவை புதுமையானவையல்ல. மகாவலியிற் செய்ததைக் கொட்டியாரக் குடாவிற் செய்யாமைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை. யாரைப் பேசவைப்பது அபிவிருத்தி, யாரைப் பேசவைப்பது தொல்லை என்னும் அரசியற் கணிப்பே அதன் காரணமாகும்.

இன்று கைத்தொலைபேசியும் தனியார் அலைவரிசைகளும் பெருகியுள்ளன. தேசிய வானொலியின் கேட்போர் தொகை குறைந்துள்ளது. எனவே இவ்வினா காலங்கடந்தது என்று சிலர் கருதக்கூடும். தனியார் அலைவரிசைகளில் பேச்சு மிகுந்துள்ளது உண்மையே. ஆனால் அதுவும் பெரிதும் கொழும்பிலிருந்தே புறப்படுகின்றது. நேயர் தொலைபேசியிற் பேசலாம். ஆனால் பாட்டொன்றைக் கேட்பதற்கும் வாழ்த்தொன்றைச் சொல்வதற்குமே அவருக்குச் சில விநாடிகள் கிடைக்கின்றன. புயலின்போது மின்சாரமும் கைத்தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோன வீட்டில் எஞ்சுவது மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியே. ஆதலால் அப்பெட்டி எம்மொழியில், எவ்வூர்ப் பெயர்களோடு பேசும் என்னும் வினா காலங்கடந்ததன்று.

ஒரு நாளின் பேச்சிலே ஒரு மணி நேரமேனும் திருகோணமலையிலிருந்து, அங்குள்ளோரின் குரலில், அவர்களின் சொற்களில் எழவேண்டும். தோணிக்காரரும், துறைமுகச் சுமைதூக்குவோரும், ஆலைத் தொழிலாளரும், வாடியில் மீன் உலர்த்தும் பெண்களும் தம் தொழிலைப் பற்றித் தாமே பேசவேண்டும். தமிழ்த் துறைகள் அப்பேச்சைப் பதிவுசெய்து பேணவும், வட்டாரச் சொல்லகராதிகள் தொகுக்கவும் முன்வரவேண்டும். இப்பணியில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு உரிய பங்கினை நாம் மறந்துவிடலாகாது. வானிலை அறிக்கையில் 'திருகோணமலை ஊடாக' என்னுந் தொடர் இருந்துவிட்டுப் போகட்டும். ஏனைய நிகழ்ச்சிகளில் 'திருகோணமலையிலிருந்து' என்னும் தொடரும் நாள்தோறும் கேட்கவேண்டும்.